கீழக்கரையில் இருந்துகொண்டே கண்ணாடி மணி செய்யக் கற்க முடியுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டில் சிப்பியும் சோழியும் கோத்து மாலை செய்கிறார்கள். தீயில் கண்ணாடிக் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றி மணி செய்வதை வீடியோக்களில் பார்த்து இவருக்கு ஆசை வந்துவிட்டது. சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆளில்லை, வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் விடமாட்டார்கள். ‘தானாகவே கற்க முடியுமா அக்கா, முதலில் எதை வாங்குவது, நம் கடற்கரைக்கு இது சரிப்பட்டு வருமா?’ என்பது கேள்வி.

முடியும். நானும் யாரிடமும் போய்க் கற்றவள் இல்லை. உச்சிப்புளிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டுப் பதினோரு வருடமாக மணி செய்கிறேன். தானாகக் கற்றவர்கள் பெருமை பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இல்லையென்று கை பழகாமல் போகாது. ஆறு மாதம் தீயின் முன் உட்கார்ந்தால் கை தானே பழகிவிடும். ‘இது தப்பு’ என்று சொல்ல ஆளில்லாமல் போவதுதான் நட்டம். என் முதல் இரண்டு வருடமும் தப்பான மணிகளைச் சரியானவை என்று நம்பியே கழிந்தன.

எங்கள் அப்பா ராமேஸ்வரத்தில் சிப்பிப் பொருட்கள் விற்றவர். 2001-இல் பவளப்பாறைகளும் பல சங்கு, சிப்பி இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்த பிறகு, எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியதாயிற்று. கடையில் சரக்கு மெலிந்தது, இடையில் பிளாஸ்டிக் பாசி நுழைந்தது. அந்தப் பிளாஸ்டிக் பாசியைக் கோத்த வெறுப்பில்தான் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். பக்கத்துத் தெருவில் நகைவேலை செய்யும் ஆசாரி ஒருவர் தன் பழைய கேஸ் ஊதுகுழலைக் கொடுத்தார். அதை மரப்பலகையில் கிடுக்கி வைத்து இறுக்கினேன். மணி செய்ய இரண்டு கையும் வேண்டும், தீயைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

கண்ணாடிக்குச் செலவு செய்ய மனமில்லாமல் கோலி சோடாப் பாட்டிலின் கோலியை இடுக்கியில் பிடித்து நேராகத் தீயில் நீட்டினேன். மூன்று எண்ணுவதற்குள் டப்பென்று வெடித்தது. ஒரு சில்லு மூக்குக் கண்ணாடியில் பட்டுக் கீறியது. அப்பாவின் வாசிப்புக் கண்ணாடியைத் தற்செயலாகப் போட்டிருந்தேன், இல்லையென்றால் இதை எழுதும் கதையே வேறாக இருந்திருக்கும். வெளிப்புறம் சூடேறி விரிகிறது, உள்ளே குளிர்ந்தே கிடக்கிறது, இழுபறியில் கண்ணாடி தோற்கிறது. குச்சியைத் தீயின் ஓரத்தில் காட்டி, எடுத்து, மறுபடி காட்டிச் சூடேற்றப் பழகியது அந்தக் கோலியால்தான்.

உடைந்த வளையல் துண்டுகளில் தொடங்கினேன். நிறம் நிறமாகக் கிடைத்தது, செலவும் இல்லை. ஒரு வருடத்தில் பார்க்க அழகான மணிகள் வந்துவிட்டன. ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் மயங்கிவிட்டேன். நாற்பது சரம் செய்து ஒரு கடைக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெண்மணி சரத்தைக் கைக்குட்டையில் முடிந்து திரும்பக் கொண்டுவந்தார். ஏசி அறையில் கழற்றி வைத்தாராம், காலையில் பார்த்தால் நான்கு மணிகள் தேங்காய் மூடி போலச் சரிபாதியாகப் பிளந்து கிடந்தனவாம். அவர் கோபப்படவில்லை. “என்ன தாயி, கழுத்தில் கிடக்கும்போது பிளந்திருந்தால் கிழித்திருக்குமே” என்று மட்டும் சொன்னார். நாற்பது சரத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிளந்ததற்குக் காரணம் இரண்டு. இரண்டையும் நீங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால் என் இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சம்.

முதலாவது, ஆறுதல், அதாவது மணியை மெல்ல மெல்ல ஆறவிடுவது. தீயிலிருந்து எடுத்த மணி வெளியே சீக்கிரம் இறுகிவிடும், நடுப்பகுதி தாமதமாக இறுகும். உள்ளே அப்படி மாட்டிக்கொண்ட இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. மணி ஒரு நாளும் இருக்கும், ஒரு வருடமும் இருக்கும், பிறகு ஒரு நாள் காரணமே இல்லாததுபோலப் பிளக்கும். இந்த இறுக்கத்தைத் தளர்த்த, மணியைச் சின்ன மின்சூளையில் வைத்துப் பதமாக ஆறவிட வேண்டும். இத்தாலியின் முரானோ பாணியில் செய்த மென்கண்ணாடி (குறைந்த சூட்டிலேயே இளகும் கண்ணாடி) குச்சிகளுக்கு 510 முதல் 520 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் மணியின் உருவம் கலையாது, உள்ளே மட்டும் இறுக்கம் தளரும். புளியங்கொட்டை அளவு மணிக்கு ஒரு மணி நேரம் அதே சூட்டில் நிறுத்தி, பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கிச் சூளையை அணைத்துவிட்டு, மறுநாள் காலை வரை கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். (தமிழில் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுவது இப்படித்தான் ஆகிறது. செய்வதும் மணி, காத்திருப்பதும் மணி.)

பலரும் வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகளிலோ சூடு தாங்கும் பஞ்சுப் போர்வையிலோ புதைத்து வைத்தால் போதும் என்பார்கள். நானும் மணலைச் சூடாக்கி அதில் புதைத்தவள்தான். அப்படிச் செய்தால் மணி உடனே வெடிக்காது, ஆனால் உள்ளிருக்கும் இறுக்கம் அப்படியேதான் இருக்கும். ஒரு நல்ல செய்தி உண்டு. அப்படி ஆறிய மணிகளைச் சேர்த்து வைத்து, பிறகு ஒருநாள் மொத்தமாகச் சூளையில் அடுக்கி, மெதுவாகச் சூடேற்றி 510-க்குக் கொண்டுபோய் மறுபடி ஆறவிடலாம். அதனால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே சூளையை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். மின்சாரம் நடுவில் போய்விட்டாலும் இதே வைத்தியம்தான். உட்சுவர் கனமான செங்கல்லாக இருக்கும் மின்சூளை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உட்சுவர் பஞ்சாக இருக்கும் சூளை சட்டென்று ஆறிவிடும். நம் ஊர் மின்வெட்டுக்கு நான் செங்கல் சூளையைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, கண்ணாடிக்குக் கண்ணாடி ஒத்துப்போவது. எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. குச்சிப் பொட்டலத்தில் 104 என்று போட்டிருந்தால், அந்தக் கண்ணாடியில் ஒரு மீட்டர் நீளக் குச்சியை 100 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும் என்று பொருள். ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு அந்த எண் 33, அதாவது அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். இரண்டையும் ஒரே மணியில் சேர்த்தால், ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கும், மற்றது அவ்வளவு சுருங்காது, மணி பிளக்கும். சாதாரணப் பாட்டில் கண்ணாடியும் 104-உடன் ஒட்டாது. நான் வளையல் துண்டையும் சோடாப் பாட்டிலையும் கலந்து அடித்திருந்தேன். பிளக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எண் தெரியாத கண்ணாடி கைக்கு வந்தால் இழைச் சோதனை செய்யுங்கள். இரண்டு கண்ணாடிகளையும் பக்கம் பக்கமாக ஒட்ட வைத்து உருக்கி, இடுக்கியால் ஒரு முழத்துக்கு மெல்லிய இழையாக இழுங்கள். ஆறும்வரை நேராகப் பிடித்து, பிறகு முனையை விடுங்கள். இழை நேராக நின்றால் இரண்டும் உறவு. வில்லாக வளைந்தால் வளைவின் உட்பக்கம் இருப்பது அதிகம் சுருங்கும் கண்ணாடி, இரண்டையும் சேர்க்காதீர்கள். ‘இது தப்பு’ என்று சொல்ல எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் அந்த இழைதான்.

இரண்டாவது ஆசிரியர் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கிடைத்தார். உடைந்த திரையில் ஒட்டியிருக்கும் போலரைசர் தாள் இரண்டு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்றை வெளிச்சத்தின் முன் பிடித்து, மற்றதை அதன் மேல் வைத்துத் திருப்பினால் ஒரு நிலையில் முழுக்க இருண்டுவிடும். அந்த இருட்டில் இரண்டுக்கும் நடுவே நிறமில்லாத ஒளிபுகும் மணியை வையுங்கள். நன்றாகப் பதமாறிய மணி இருட்டாகவே இருக்கும். இறுக்கம் மாட்டிய மணி அங்கங்கே வெள்ளையாகப் பளிச்சிடும். மணியின் உருண்டை வெளிச்சத்தைச் சிதறடித்துக் குழப்பினால், சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி மணியை அதில் மூழ்கடித்துப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். ஒளிபுகாத நிற மணிகளில் இந்த வித்தை பலிக்காது. அதனால் ஒவ்வொரு சூளை ஈட்டிலும் ஒரு நிறமில்லாத மணியைச் சாட்சிக்குப் போட்டு வைக்கிறேன்.

இனி வாங்குவது பற்றி. எல்லோரும் முதலில் பர்னர் வாங்குவார்கள். நான் சொல்வது தலைகீழ்: முதல் பணம் சூளைக்கு, அல்லது சூளையில் உங்கள் பங்குக்கு. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் அதைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியும் இல்லாத சூளை, சூளையே இல்லை. இரண்டாவது பணம் கண்ணுக்கு. கண்ணாடி சூடாகும்போது அதிலுள்ள சோடியம் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரிந்து, செய்யும் மணியையே மறைத்துவிடும். டிடிமியம் கண்ணாடி போட்டால் அந்த மஞ்சள் மறைந்து மணி மட்டும் தெரியும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியால் இது ஆகாது.

அதற்குப் பிறகுதான் பர்னர். கேஸும் ஆக்சிஜனும் வாயில் வந்து கலக்கும் மேசை பர்னராக இருந்தால் தீ அமைதியாக எரியும், அது குழாய்க்குள் உள்வாங்கி வெடிக்கும் பயமும் குறைவு. ஆக்சிஜனுக்குச் சிலிண்டர்தான் வேண்டும் என்பதில்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டிகள் பல வீடுகளில் பரண்மேல் தூங்குகின்றன. சின்ன பர்னருக்கு ஒன்று போதும். யாருக்காவது மூச்சுக்குத் தேவைப்படுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். சிலிண்டர் வைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஆக்சிஜன் ரெகுலேட்டரிலும் அதன் திருகுகளிலும் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பிடிக்கும். நம் ஊரில் எது துருப்பிடித்தாலும் படகு மெக்கானிக் போல ஒரு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் கையோடு ஒட்டியது, அதனால் சொல்கிறேன். கேஸுக்கு வீட்டுச் சமையல் சிலிண்டரை இழுக்க வேண்டாம். அது சமையலுக்கு மட்டும் தரப்படுவது. 5 கிலோ சிலிண்டரோ 19 கிலோ வணிகச் சிலிண்டரோ தனியாக எடுங்கள்.

மணி சுற்றும் கம்பியை வெளியூரிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. வெல்டிங் பொருட்கள் விற்கும் கடையில் டிக் வெல்டிங்குக்கான துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 1.6 மில்லிமீட்டரிலும் 2.4 மில்லிமீட்டரிலும் கிடைக்கும். சைக்கிள் ஆரக்கம்பியைச் சிலர் சொல்வார்கள், துத்தநாகம் பூசியதாக இருந்தால் தீயில் நச்சுப்புகை வரும், வேண்டாம். கம்பியில் பூசும் களிக்குச் சீனக்களிமண்ணும் அலுமினா தூளும் தண்ணீரில் தயிர்ப் பதமாகக் கலந்தால் போதும். கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். பூச்சு இல்லாமல் சுற்றினால் மணி கம்பியோடு கட்டிக்கொண்டு வராது.

இடம். பனையோலைக் கொட்டகைக்குள் இந்த வேலை கூடவே கூடாது. ஓலைக்குக் கீழே ஒரு தீப்பொறி போதும், தெருவே போய்விடும். தகரம் அல்லது கான்கிரீட் கூரை, கல் அல்லது சிமென்ட் மேடை, எதிரெதிரே இரண்டு ஜன்னல். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும், ஆகவே தரைமட்டத்திலும் திறப்பு வேண்டும். ஆனால் திறந்து வைத்தால் காற்று வரும், அதுதான் நம் கரையின் தலைவலி. கச்சான் (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணியின் ஒரு கன்னம் மட்டும் சூடாகும். நான் மேடையின் மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வைத்து, புகை போக மேலே விசிறி வைத்திருக்கிறேன். வாடைக்காலத்தில் வேறு தொல்லை. கம்பியில் பூசிய களி காயவே காயாது. ஈரத்தோடு தீயில் காட்டினால் நீராவி கிளம்பி, பூச்சு செதில் செதிலாக உரிந்துவிடும். ஆறிக்கொண்டிருக்கும் சூளைமேல் கம்பிகளைப் படுக்க வைத்துக் காய வைக்கிறேன். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். உப்புத்தாளால் தேய்த்துத்தான் பூச வேண்டும். தலையில் போடும் துணி பருத்தியாக இருக்கட்டும், முனை தொங்காமல் செருகிக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

சரி, மணிக்கு வருவோம். வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர் என்றால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். இடது கையில் பூசிய கம்பி, வலது கையில் கண்ணாடிக் குச்சி. குச்சியின் முனை சிவந்து, திரண்டு, சொட்டுவதா வேண்டாமா என்று தயங்கும் ஒரு கணம் வரும், கம்பிப் பதத்துக்குச் சற்று முந்தைய பதம். அந்நேரம் கம்பி மங்கலாகச் சிவந்திருக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் கண்ணாடி ஒட்டாது. தொட்டு, கம்பியை உங்களிடமிருந்து அப்பால் உருட்டுங்கள். கண்ணாடியைத் தேய்க்க வேண்டாம், கம்பி உருளும் வேகத்துக்கு அது தானே வந்து படியும். ஒரு சுற்று, அதன்மேல் இன்னொன்று. பிறகு குச்சியைத் தீயில் வைத்து அறுத்துவிட்டு உருட்டிக்கொண்டே இருங்கள். உருண்டையாக்குவது உங்கள் கையில்லை, கண்ணாடியே தன்னை உருட்டிக்கொள்ளும். உருட்டுவதை நிறுத்தினால் கீழ்ப்பக்கம் தொங்கிப்போகும்.

மணியின் இரு முனைகளையும் பாருங்கள். துளையைச் சுற்றிக் கண்ணாடி மெல்ல உள்வாங்கித் தொப்புள் போல இருக்க வேண்டும். முனை கூர்ந்து பிசிறாக நின்றால் அது தங்கூஸ் நரம்பையே அறுத்துவிடும். கம்பியில் கண்ணாடி பதிந்த அகலம் அதிகமாகி, மேலே கண்ணாடி போதாமல் போனால் இப்படி ஆகும். என் நாற்பது சரத்தில் பாதி இந்த வகை. முதல் நூறு மணிக்கு ஒரே நிறம், ஒரே உருண்டை, பூவும் புள்ளியும் வேண்டாம். சலிப்பாகத்தான் இருக்கும். நூறாவதை முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது புரியும்.

நமக்கு இது புதிய தொழில் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கும் அழகன்குளத்தில், 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன, கண்ணாடி மணிகளும் கிடைத்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் செய்த சின்னச் சின்ன மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா வரை போயின. அவை செய்முறையில் நம்முடையவற்றிலிருந்து வேறு. உலையில் கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க உருப்பெருக்கி ஒன்று போதும். உள்ளே இருக்கும் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால் அது இழுத்த மணி. துளையைச் சுற்றி வளையமாக ஓடினால் நாம் செய்வதுபோலச் சுற்றிய மணி. அருங்காட்சியகத்துக்குப் போனால் பெயர்ப்பலகையைப் படிக்கும் முன் குமிழியைப் பாருங்கள்.

நிறத்தில் நான் கற்றதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்களே கண்டுபிடிப்பதில்தான் சுகம். தாமிரம் கலந்த நீலப்பச்சைக் கண்ணாடியின் மேல் தந்த நிற இழை போட்டால், இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் யாரும் வரையாமலே ஒரு கரும்பழுப்புக் கோடு வரும். தந்த நிறத்தில் உள்ள கந்தகம் தாமிரத்தோடு சேர்வதால் வருவது அது. முதல்முறை வந்தபோது அழுக்குப் பட்டுவிட்டதென்று பத்து மணிகளைத் தூக்கிப் போட்டேன். இப்போது என் மணிகளில் அதிகம் விற்பது அதுதான். ஒரு பாதி ஆண்கடலின் (மன்னார் வளைகுடா) ஆழ்ந்த நீலம், மறுபாதி பெண்கடலின் (பாக் விரிகுடா) இளம்பச்சை, நடுவே தந்த நிறத்தில் மணல்திட்டு, மணலின் இருபுறமும் பாசி ஒதுங்கினாற்போல அந்தக் கறுப்பு ஓரம். பாம்பன் பாலத்தின் மேல் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

விற்பதற்கு அவசரப்படாதீர்கள். வாரணாசியின் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் செய்கின்றன, விலையில் அவர்களோடு மோத முடியாது. மோதவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் சிப்பி கோக்கும் கை இருக்கிறது. ஒரு மாலைக்கு உங்கள் மணி ஐந்து போதும், மீதி உங்கள் அம்மா துளைத்த சிப்பியாக இருக்கட்டும். சந்தையில் அப்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, குச்சியின் நிறம், எந்தக் கம்பி, சூளையில் எத்தனை டிகிரி, எத்தனை நேரம், மறுநாள் என்ன ஆயிற்று. பக்கத்தில் ஒரு காலண்டர் அட்டை வைத்து, இழைச் சோதனை செய்த இழைகளை டேப்பால் ஒட்டி, எதோடு எது என்று எழுதுங்கள். என் கொட்டகைச் சுவரில் அப்படி ஏழு அட்டைகள் தொங்குகின்றன. முதல் அட்டையின் முதல் இழை வளையலும் சோடாப் பாட்டிலும் சேர்ந்தது. பிறை போல வளைந்து நிற்கிறது.